களப்புக்குள் தென்னை

5.10.2009, திங்கள்.

இன்று ஒரு சிறிய பிழை செய்துவிட்டேன். ரதீஸ் அண்ணனைக் கேட்காமல் 'இரும்புப் பாலம்' என்ற சித்திரத்தை எங்கள் இணையத்தளத்தின் முதற்பக்கத்தில் போட்டுவிட்டேன். அவர் மத்தியானம் வெளியில் போயிருந்தார். கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது.

மாலை வகுப்பு முடிந்து வந்து இதை எழுதிய கேதீஸ்வரி, 'சிறிய' என்ற சொல்லை ஒருமுறை வெட்டினாள். ஒரு படத்துக்கு இவ்வளவு யோசிப்பதா என்று தன்னையே கடிந்துகொண்டு, மேலே திரும்பவும் எழுதினாள். அடுத்த நாள் காலை வேலைக்கு வந்து கந்தோர்ப் படியேறும்போதே, வெட்டியதை வெட்டியபடி விட்டிருக்கலாம் என்று தெரிந்துவிட்டது. ரதீஸின் குரல் கீழே புடவைக் கடை வரைக்கும் கேட்டது.

"ஆரு இதப் போட்டது?"

"நான்தான் அண்ணன்."

"பாலத்தில என்ன போர்ட் போட்டிருக்கு?"

"படம் எடுக்கத் தடை எண்டு."

"பிறகு?"

"இது கமராவில எடுத்த படம் இல்லயே அண்ணன். கீறின படம்."

"இத நீ ஆமிக்காரங்களுக்கு விளங்கப்படுத்துவியா?"

"அவங்க இன்னும் ஒண்டும் கேக்கல்லயே."

"கேக்க முந்தியே பதில் வச்சிருக்கோணும் புள்ள. இவ்வளவு காலமும் நாங்க அப்பிடித்தான் உசிரோட இருந்த."

நாட்டில் சண்டை முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ரதீஸுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

அவர்களுடைய கம்பனியின் பெயர் 'வண்ணக்களரி'. பொழுதுபோக்காகப் படம் கீறுகிறவர்கள் கணினியில் எதையும் ஏற்றாமல், இணையத்தளத்தைத் திறந்து அதிலேயே தூரிகை பிடித்துக் கீறலாம். கீறியதை மற்றவர்களுக்குக் காட்டலாம். யோசனை ரதீஸுடையது. அதற்கு நிரல் எழுதியவன் ஏறாவூர் முனாப்; அவனைக் கேதீஸ்வரி அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவாள். மிச்சம் எல்லாவற்றையும் கேதீஸ்வரி செய்தாள்: கீறுகிறவர்களின் கடிதங்களுக்குப் பதில் போடுவது, சண்டை தீர்ப்பது, முதற்பக்கத்துக்கு ஒரு படத்தைத் தெரிவு செய்வது. மேசையும் கணினியும் சுனாமி நிவாரணத்துக்கு வந்த ஒரு நிறுவனம் புறப்படும்போது விட்டுச் சென்றவை. அலுமாரிக் கதவில் 'பாய், நுளம்பு வலை' என்ற தாள் இன்னும் ஒட்டியபடியே இருந்தது.

வியாழக்கிழமை கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தளம் அவர்களுக்குப் பிடித்தால் பொறுப்பெடுத்து நடத்துவார்கள். பிடிக்காவிட்டால் மாத முடிவில் அறையைப் பூட்ட வேண்டியதுதான். அறை பூட்டப்பட்டால் கேதீஸ்வரியின் வேலை போகும். வேலை போனால் மாலைக் கணினி வகுப்பும் போகும். சித்தாண்டி வீட்டில் அம்மா அவளுக்கென்று தையல் மெசினை ஏற்கெனவே துடைத்து வைத்திருந்தாள்.

வருகிறவர்களுக்குக் காட்டத்தான் அவள் நல்ல படமாகத் தேடினாள். கீறியவர் தளத்தில் 'கொக்கு' என்ற புனைபெயரில் இருப்பவர். ஊரை ஒட்டிய உப்புநீர்க் களப்பைக் கடக்கும் பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்ப்பதுபோன்ற காட்சி. இரும்புச் சட்டங்களின் நிழல் தண்ணீரில் உடைந்து கிடக்க, அந்த நிழலுக்குள் ஒரு தோணி நுழைகிறது. மவுஸைப் பிடித்துக்கொண்டு இப்படிக் கீறலாம் என்று முனாப்பே நம்பவில்லை.

"மச்சான், இவன் எங்க நிண்டு கீறியிருக்கான் எண்டு பாத்தியா?" என்றான் ரதீஸ். "பாலத்துக்கு நடுவில. அங்க சும்மா ஒருக்கா நிண்டு பாரு. 'போ போ' எண்டு விசில் ஊதுவாங்க. இவன் நிண்டு நிதானமா ஒவ்வொரு ஆணியா எண்ணிக் கீறியிருக்கான்! ஆரு இவன்? ஏன் எண்ணினவன்?"

"கெம்பஸ் பொடியனா இருப்பான்," என்றான் முனாப். "வந்தாறுமூலையில வேலவெட்டி இல்லாம கனபேர் இரிக்காங்க."

"தூக்கு அத."

"தூக்கினா முதற்பக்கம் மொட்டையாப் போகும் மச்சான். கொஞ்சம் மறைப்பம்."

மவுஸின் ஒரே தட்டில் மரம், வீடு, மயில் என்று வைக்கக்கூடிய ஆயத்த உருவங்கள் தளத்தில் இருந்தன. முனாப் அதில் தென்னையைத் தெரிவு செய்து இரும்புச் சட்டத்தின்மேல் ஒன்று வைத்தான். சட்டம் மறையவில்லை. இன்னும் இரண்டு வைத்தான். கடைசியில் களப்பு நிறையத் தென்னை. பாலம் நடுவில் வேலிபோலத் தெரிந்தது.

"இது சரியில்ல நானா," என்றாள் கேதீஸ்வரி. "அவர் கீறின படம். அவரக் கேக்காம நாங்க எப்பிடிக் கை வைக்கிற?"

"நீ ரதீஸக் கேக்காமப் போட்ட. நாங்க கொக்கக் கேக்காமத் தென்ன நட்டம். சரிக்குச் சரி."

பிழை தன்னில் தொடங்கியதால் கேதீஸ்வரி கடிதங்களுக்குப் பதில் போடத் திரும்பினாள்.

மாலைக்குள் படத்தின் கீழே கொக்கின் குரல் வந்துவிட்டது: "களப்புத் தண்ணிக்குள்ள தென்ன முளைக்குமா? எந்த மடையன் நட்டது? தோணி எங்க? தோணிக்கு மேலயும் ஒண்டு நட்டு வச்சிருக்கு!"

அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ரோசாப்பூ மட்டுமே கீறுகிற சீதேவிப்பிள்ளை டீச்சர், "நாளைக்கு என் படத்திலும் நடுவீர்களா?" என்று கேட்டிருந்தார். மருதோன்றிக் கோலம் கீறுகிற காத்தான்குடி சப்னா கோபமுகங்களை மட்டும் வரிசையாகப் போட்டிருந்தாள்.

ஒரு விளக்கம் எழுதிப் போடும்படி ரதீஸ் கேதீஸ்வரியிடம் சொன்னான். அவள் முதலில் ஒரு தாளில் எழுதினாள், திருத்தினாள், படி எடுத்தாள். உண்மையைச் சொல்லலாமா என்று யோசித்தாள். உண்மை என்ன என்று எழுதப் போனால், 'எங்களுக்குப் பயமாக இருந்தது' என்று ஒரே ஒரு வரிதான் வந்தது. அதைக் கம்பனி எழுதக் கூடாது என்று வெட்டினாள். கை தானாகவே வேறொரு வரியை எழுதியது: 'பாதுகாப்புக் காரணங்களுக்காக இப்படத்தில் சில மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளன.'

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எல்லாரும் இத்தனை காலமும் காத்திருந்தார்களோ என்னவோ. கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற வினாயகமூர்த்தி ஐயா முதலில் பாய்ந்தார்: "பாதுகாப்புக் காரணம்! இந்தச் சொல்லக் கேட்டுக் கேட்டுத்தான் என் தலை நரைச்சது. றோட்டில கேட்டன், ஆசுபத்திரியில கேட்டன், மகளின்ட கலியாணத்துக்குப் பந்தல் போடவும் கேட்டன். இப்ப சித்திரத்துக்குள்ளயும் வந்திட்டா?"

புதன்கிழமை காலை தளத்தைத் திறந்த ரதீஸ் கதிரையில் அப்படியே சரிந்தான்.

எல்லாரும் பாலம் கீறியிருந்தார்கள்.

சப்னா பாலத்தை மருதோன்றிக் கோலமாகக் கீறி ஒரு உள்ளங்கையில் வைத்திருந்தாள். டீச்சரின் பாலத்தில் இரும்புக்குப் பதில் ரோசாச் செடி படர்ந்திருந்தது. வினாயகமூர்த்தி ஐயா வழக்கம்போல முருகனைத்தான் கீறியிருந்தார். ஆனால் முருகன் மயிலில் இருக்கவில்லை. சென்றியடியில், பாலத்துக் காவலரண் முன்னால், எல்லாரும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்பதால் அவரும் இறங்கி, ஒரு கையில் வேலும் மறு கையில் மயிலுமாக, மயிலை உருட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்துகொண்டிருந்தார்.

கேதீஸ்வரி சிரித்துவிட்டாள்.

"சிரி," என்றான் ரதீஸ். "நல்லாச் சிரி. நாளைக்குக் கொழும்பு ஆக்கள் வந்து திறந்தா, ஒரு பாலத்துக்குப் பதிலா ஊர்ப்பட்ட பாலம். கடவுளையும் செக் பொயின்ருக்குக் கொண்டுவந்து விட்டாச்சு!"

"பயப்படாத மச்சான்," என்றான் முனாப். "ஒவ்வொண்டா நட நேரமில்ல. தலைப்பில பாலம் எண்டு இருந்தா தானாவே தென்ன விழுற மாதிரி நான் எழுதுறன்."

"நானா, வேணாம்," என்றாள் கேதீஸ்வரி. "முதல் ஒரு படத்தில சரிபாத்திட்டுச் செய்யுங்க. வகுப்பில அப்பிடித்தான் சொல்லித் தாறாங்க."

"உன்ட வகுப்பு வாத்திமார் நான் படிப்பிச்ச பொடியன்கள் புள்ள."

முனாப் எழுதி முடித்து ஓடவிட்டான். எங்கோ ஒரு நிபந்தனை தவறிவிட்டது. பாலம் இருந்த படங்களில் மட்டுமல்ல, தளத்தில் இருந்த எல்லாப் படங்களிலும் தென்னை முளைத்தது. சப்னாவின் மருதோன்றிக் கையில் முளைத்தது. முருகனின் கிரீடத்துக்கு நடுவில் முளைத்தது. யாரோ தன் குழந்தையின் பிறந்தநாளுக்குக் கீறிய கேக்கிலும் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் ஒன்று நின்றது.

தொலைபேசி அடித்தது. சீதேவிப்பிள்ளை டீச்சர்.

"மகள், எண்ட ரோசாவில குரும்பட்டி காய்ச்சிருக்கு."

"தெரியும் டீச்சர். எங்கட பிழைதான் டீச்சர்."

"நான் இதுக்குள்ள இனி வரமாட்டன். கொப்பியிலயே கீறிட்டு இருக்கன். கொப்பி ஒண்டும் நடாது."

அதற்குப் பிறகு தொலைபேசி ஓயவில்லை. வினாயகமூர்த்தி ஐயா பேசியதை அவள் முழுவதும் கேட்கவில்லை. காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தாள்.

"பிடுங்குங்க நானா எல்லாத்தையும்."

"பிடுங்கலாம்." முனாப் தலையைச் சொறிந்தான். "ஆனா தானாப் பிடுங்காது. நட்டது மட்டும்தான் தானா. ஒவ்வொண்டாக் கையாலதான் எடுக்கணும்."

ரதீஸ் எழுந்தான். முகத்தில் ஒரு தீர்மானம் வந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் கேதீஸ்வரிக்குப் பயம்.

"அனுமதி எடுப்பம்," என்றான். "பெரிய இடத்துக்குப் போனா எழுதித் தரச் சொல்லிக் கிழமைக்கணக்கா இழுப்பாங்க. சென்றியில நிக்கிறவரிட்ட படத்தக் காட்டி, பிரச்சினை இல்ல எண்டு ஒரு சொல்லு வாங்கினாப் போதும். அதுக்குப் பிறகு ஒரு தென்னயும் வேணாம்."

"ஆரு அண்ணன் கூடாது எண்டு சொன்னது?" கேதீஸ்வரியின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "பொலிஸ் வந்ததா? ஆமி வந்ததா? ஒரு போன் கோல் வந்ததா? பேரச் சொல்லுங்க. ஆருமே கூடாது எண்டு சொல்லாத ஒண்டுக்கு நாமளே தடை போட்டு, நாமளே மரம் நட்டு, இப்ப நாமளே போய் அனுமதியும் கேக்கிறதா?"

"ஓம். போட்டது நீதானே. நீயே போய்க் கேளு."

"நீங்க வரல்லயா?"

"ஆம்புள போனா கேள்வி கூடும்."

அவள் முனாப்பைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்தான். படத்தின் பழைய பிரதி ஒன்றை அச்செடுத்து மடித்துக்கொண்டு, படி அதிர இறங்கினாள்.

வழியெல்லாம் அவளுக்குக் கொதித்தது. ரதீஸ்மேல் கொதித்தது, முனாப்மேல் கொதித்தது. முடிவில் அந்தக் கொக்கின்மேலும் கொதித்தது. களப்பில் கீற எத்தனை கிடக்கிறது! கண்டல் இல்லையா, நீர்க்காகம் இல்லையா, வெளிச்சவீடு இல்லையா? எங்கோ நெட்கபேயில் மின்விசிறிக்குக் கீழே இருந்து பாலத்தைக் கீறிவிட்டு, வெயிலில் போய் அனுமதி கேட்க அவளை விட்டுவிட்டான்.

சென்றியடியில் சைக்கிளை விட்டு இறங்கினாள். பாலத்தின் நடுவில், மணல் மூட்டைக்குப் பக்கத்தில், ஒரு பொலிஸ்காரர் தனியே நின்றார். சட்டையில் 'முத்தலிப்' என்று பெயர்ப்பட்டி குத்தியிருந்தது.

"என்ன தங்கச்சி? இதில நிக்க ஏலா."

"ஒரு அனுமதி கேக்கணும் சேர்."

படத்தை விரித்துக் கொடுத்தாள். சொல்ல வேண்டியவற்றை ஒழுங்காக மனத்தில் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். கம்பனியின் பெயர், தளம் என்றால் என்ன, மன்னிக்கவும், தயவுசெய்து. அவர் தாளை வெயிலுக்கு மறைத்துப் பிடித்து மூலை மூலையாகப் பார்த்தார். அதைக் கண்டு அவளுடைய வரிசை குழம்பிவிட்டது.

"ஒரு மனிசன் ஆசைக்குக் கீறியிருக்கிறார் சேர். நல்ல வடிவாக் கீறியிருக்கிறார். இதில ஆமிட துவக்கு இல்ல, மணல் மூட்டை இல்ல. தண்ணியும் தோணியும் நிழலும்தான். அவர் ஆரெண்டு எங்களுக்குத் தெரியா, தெரிஞ்சாலும் சொல்லமாட்டன். பிழை எண்டா போட்டவ நான்தான், என்னப் பிடிங்க. ஆனா இந்தப் படத்த ஒளிக்கச் சொன்னா, அது நியாயமில்ல சேர். சொல்லிட்டன்!"

சைக்கிள் கைபிடியை இறுக்கிப் பிடித்தாள். அம்மா துடைத்து வைத்திருக்கும் தையல் மெசின் கண்முன்னே வந்தது.

பொலிஸ்காரர் இரண்டு கரையையும் ஒருமுறை பார்த்தார். தாளைக் கவனமாக மடித்தார். குரலைத் தாழ்த்தினாலும் கோபத்தை அவரால் தாழ்த்த முடியவில்லை.

"நான் கீறின பாலத்துக்கு என்னட்டயே அனுமதி கேக்க வந்திரிக்கீங்க. அதுக்குள்ள இவ்வளவு தென்னய நட்டீங்களே, அதுக்கு ஏன் தங்கச்சி என்னட்ட ஒரு வார்த்த கேக்கல்ல?"

7.10.2009, புதன்.

நாளைய வேலை: கொழும்பு ஆட்கள் வருமுன் எல்லாத் தென்னைகளையும் பிடுங்குவது. தோணியிலிருந்து தொடங்க வேண்டும்.