ஒப்படைக்க ஓர் உரிமம்

போர்வையைப் பிரித்ததும் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டார். அவர் சைக்கிள் காணாமல் போனதாகப் புகார் கொடுக்க வந்தவர்.

"இல்லைங்க, நான் இதைக் கொடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

எழுத்தர் தன் நாற்காலியை மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினார். பேசுகிறவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதுதான் மரியாதை என்று பழகிய கண்ணாடிக்காரரும் இடப்பக்கம் திரும்பினார். துப்பாக்கியும் கூடவே திரும்பியது.

"முதல்ல அதைக் கீழே வைங்க. அப்புறம் மரியாதை பண்ணலாம்."

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். குக்கர் விசில் அடித்தாலே தோள் குலுங்குகிற மனிதர். அவருடைய மாமனார் அப்படியில்லை. ஊருக்கு வெளியே தோட்டம் வைத்திருந்தார். காட்டுப் பன்றிகளை மிரட்ட இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றும் வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு தோட்டம் கைமாறியது. மாமியார் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தார். கூடவே ஒரு தையல் மெஷினும், துணி அடைத்த டிரங்குப் பெட்டிகளும், போர்வையில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்றும் வந்தன. குடையாக இருக்கும் என்று நினைத்துக் கண்ணாடிக்காரரே அதைத் தன் மகளின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

மனைவி வீடு கூட்டும்போது விளக்குமாறு அதில் இடித்தது. பிரித்துப் பார்த்தால் அப்பாவின் துப்பாக்கி. அன்று சாயங்காலமே அவள் மகளையும் இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"அது வெளியே போற அன்னைக்குத்தான் நான் உள்ளே வருவேன். அம்மாவைப் பார்த்துக்கோங்க" என்று வாசலில் நின்று சொன்னாள்.

அதனால்தான் மறுநாள் கடையைக்கூடத் திறக்காமல் அவர் காவல் நிலையத்துக்கு வந்திருந்தார்.

எழுத்தர் துப்பாக்கியைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்தார். யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். மாமனார் பெயரில் என்றார் கண்ணாடிக்காரர். அவரை வரச் சொல்லுங்கள் என்றார் எழுத்தர். அவர் இறந்துவிட்டார் என்றதும் எழுத்தர் இரண்டு நிமிடம் யோசித்தார். யோசித்து முடித்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"உங்களுது இல்லாத பொருளை நீங்க எப்படிங்க ஒப்படைப்பீங்க? நாளைக்குப் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரைத் தள்ளிக்கிட்டு வந்து 'வெச்சுக்கோங்க'ன்னு சொன்னா நாங்க வாங்கி வெச்சுக்க முடியுமா?"

முடியாதுதான் என்று கண்ணாடிக்காரருக்குப் பட்டது. தலையை வேறு ஆட்டித் தொலைத்தார். பின்னால் பல நாள் அவர் நொந்துகொண்டது அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான்.

"முதல்ல உங்க பேர்ல லைசென்ஸ் எடுங்க. துப்பாக்கி சட்டப்படி உங்களுது ஆகட்டும். அப்புறம் கொண்டுவாங்க, கை நீட்டி வாங்கிக்கிறோம்."

அதுவரை இதை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். லைசென்ஸ் இல்லாமல் இதைத் தெருவில் எடுத்து வந்ததே குற்றம், அதைப் பெரிய மனது பண்ணி விட்டுவிடுகிறேன் என்றார் எழுத்தர். அப்படியானால் திரும்ப எடுத்துப் போவதும் குற்றம்தானே என்று கண்ணாடிக்காரர் கேட்டார். எழுத்தர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் காலண்டர் பார்க்கிறேன். திரும்பும்போது நீங்க இங்கே இருக்கக் கூடாது."

பேருந்தில் ஏறப் பயந்து சந்து சந்தாக நடந்தார். வழியில் ஒருவர் போர்வையைப் பார்த்துத் தூண்டிலா என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லி வைத்தார். அவர் மீன்பிடிப் பைத்தியம் போலிருக்கிறது. எந்தக் குளம், என்ன இரை என்று கேட்டுக்கொண்டே வீட்டு வாசல்வரை கூட வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, அவங்க வாங்கிக்கலையா?" என்றார் மாமியார்.

"அவங்க வாங்கிக்கிறதுக்கு முன்னாடி நான் வாங்கணுமாம் அத்தை."

மாமியார் பெயரிலேயே உரிமம் எடுத்துவிடலாமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார். மாமியார் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"வேணாம் மாப்பிள்ளை. எனக்குக் கோபம் வந்தா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

அன்று இரவு சாப்பாட்டில் உப்பு கூடுதலாக இருந்தது. கண்ணாடிக்காரர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

உரிமம் வழங்கும் அலுவலகத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தில் 'துப்பாக்கி எதற்காகத் தேவை?' என்று ஓர் இடம் இருந்தது. கண்ணாடிக்காரர் அதில் அழகான கையெழுத்தில் 'திருப்பிக் கொடுப்பதற்காக' என்று எழுதியிருந்தார். அந்த அம்மாள் அதைப் படித்தார். அவரைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

பயிரைக் காப்பாற்ற, உயிரைக் காப்பாற்ற, விளையாட்டுப் பயிற்சிக்கு, இந்த மூன்றைத் தவிர வேறு காரணம் கிடையாது என்று விளக்கினார். பயிர் உண்டா என்று கேட்டார். மாடியில் இரண்டு தொட்டி ரோஜா இருக்கிறது என்றார் இவர். சரி, எதிரிகள் உண்டா?

கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்தும் அதையே யோசித்தார். இத்தனை வயதுக்கு உருப்படியாக ஓர் எதிரியைக்கூடச் சம்பாதிக்கவில்லையே என்று இருந்தது. கடைசியில் எதிர்க்கடைக்காரர் ஞாபகம் வந்தார். அவரும் மூக்குக்கண்ணாடிக் கடைதான். இவர் கடை திறந்த மறுவருஷம் நேர் எதிரே திறந்தவர். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தெருவைக் கடந்து அந்தக் கடைக்குள் இவர் கால் வைத்ததும் எதிர்க்கடைக்காரர் கையிலிருந்த ஃபிரேமைக் கீழே போட்டுவிட்டார்.

விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னார் இவர். ஒரே ஒரு தடவை சாட்சி வைத்து என்னை மிரட்டினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

எதிர்க்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களை மிரட்டணும்னு நான் கனவுலகூட நினைச்சதில்லைங்க. நீங்க எப்பப் பேசுவீங்கன்னுதான் இத்தனை நாளாப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

டீ வரவழைத்தார். குடும்பத்தை விசாரித்தார். இவர் திரும்பி வரும்போது இருந்த ஒரே எதிரியும் போய்விட்டிருந்தார்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. விண்ணப்பத்தோடு கண் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். தானே கண் பரிசோதிப்பவர்தான், தானே எழுதித் தரட்டுமா என்று கேட்டதற்கு அலுவலக அம்மாள் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இப்போதுதான் நட்பாகிவிட்டாரே என்று எதிர்க்கடைக்காரரிடமே போனார். சும்மா கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார் என்று நினைத்தது தப்பு. நண்பனுடைய கண்ணாயிற்றே என்று அவர் உருகி உருகிப் பரிசோதித்தார். வலக்கண் பரவாயில்லை, இடக்கண்ணை வைத்துக்கொண்டு துப்பாக்கி மட்டுமில்லை, தெருவில் குடைகூடப் பிடிக்கக் கூடாது என்றார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவர், சான்றிதழுக்காக முதல்முறையாகத் தானும் ஒன்று மாட்டிக்கொண்டார். மாமியார் அந்தக் கண்ணாடியோடு அவரைப் பார்த்துவிட்டு யாரோ சரக்கு விற்க வந்த ஆள் என்று கதவைச் சாத்தினார்.

மனநலச் சான்றிதழுக்கு ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். துப்பாக்கியின் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று டாக்டர் இதமாகக் கேட்டார். ஆசையே இல்லை, கண்ணால் பார்க்கவே பிடிக்கவில்லை என்றார் இவர். பிறகு ஏன் விண்ணப்பம் என்றார் டாக்டர். அதை ஒழித்துக்கட்டத்தான் என்றார் இவர். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அடுத்த வாரமும் வரச் சொன்னார். அடுத்த வாரம், எனக்குத் துப்பாக்கி என்றால் உயிர் என்று பொய் சொன்னார். மனநிலை சீராக இருப்பதாக டாக்டர் உடனே எழுதிக் கொடுத்துவிட்டார்.

பயிரும் எதிரியும் இல்லாததால் விளையாட்டுதான் பாக்கி. துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்தார். பயிற்சியாளர் முன்னாள் ராணுவக்காரர். காதில் ரகசியம் சொன்னாலும் மைதானத்துக்கே கேட்கும் குரல். கண்ணாடிக்காரர் முதல் நாள் கழகத்துத் துப்பாக்கியை வாங்கி, இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு சுட்டார். குண்டு பக்கத்தில் நின்ற பல் டாக்டருடைய பலகையின் நடு மையத்தில் போய்ப் பாய்ந்தது. பல் டாக்டருக்குச் சான்றிதழ் கிடைத்தது. அவர் கை குலுக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார். இவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வர வேண்டியதாயிற்று. வலது தோள் வீங்கி, மாமியார் ஒத்தடம் கொடுக்க வேண்டியதாயிற்று. "உங்க மாமனார் நம்ம வீட்டுத் துப்பாக்கியால ஒரு நாளும் சுட்டதில்லை மாப்பிள்ளை. தோள்ல மாட்டிக்கிட்டு நடப்பார், அவ்வளவுதான்" என்று மாமியார் ஆறுதல் சொன்னார்.

இதற்கிடையில் இவர் நடத்தையைப் பற்றி விசாரிக்க மஃப்டியில் ஒரு காவலர் தெருவுக்கு வந்தார். தையல்காரரைக் கேட்டார், பால்காரரைக் கேட்டார், இஸ்திரி போடுகிறவரைக் கேட்டார். இவர் முன்கோபியா, கை நீட்டுவாரா, குடிப்பாரா? கேட்டவர் போய்விட்டார். கேள்விகள் தெருவிலேயே தங்கிவிட்டன.

மறுநாளிலிருந்து எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கண்ணாடிக் கடைக்கு வருகிற குழந்தைகளை அம்மாக்கள் வேறு கடைக்கு இழுத்துப் போனார்கள். ஃபிரேம் கோணலாக இருக்கிறதென்று ஒரு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த வாடிக்கையாளர் தானாகவே வந்து நின்றார்.

"ஃபிரேம் சரியாத்தான் இருக்கு சார். என் காதுதான் கோணல்" என்றார்.

கண்ணாடிக்காரர் அந்த ஃபிரேமை வாங்கி நிமிர்த்திக் கொடுத்தார். வாடிக்கையாளர் அதை வாங்கிக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்தே வெளியே போனார். அன்று மத்தியானமே கண்ணாடிக்காரர் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். மகளின் அறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் பெரியம்மா வீட்டுக்கு எடுத்துப் போகாமல் விட்ட வண்ணப் பென்சில்கள் மேசைமேல் அப்படியே கிடந்தன. கால் பக்கத்தில், கட்டிலுக்கு அடியில், போர்வை சுற்றிய அந்தச் சனியன்.

அப்போதுதான் மனைவியின் போன் வந்தது. தெருவில் பேசியது அக்கா வீடுவரை போய்விட்டிருந்தது.

"நான் திருப்பிக் கொடுக்கச் சொன்னா, நீங்க சுடக் கத்துக்கிறீங்களாமே?"

"சுடத் தெரிஞ்சாத்தான் கொடுக்க முடியுமாம்."

"போனை அம்மாகிட்டக் குடுங்க" என்றாள் மனைவி.

மாமியார் போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். என்ன பேசினாரோ தெரியாது. வெளியே வந்து, அவள் அழுகிறாள் என்றும், பொறுமையாக இருக்கச் சொல்லியிருப்பதாகவும் மட்டும் சொன்னார். அதன் பிறகு கண்ணாடிக்காரருக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். எழுத்தரையும், அலுவலக அம்மாளையும், மனநல டாக்டரையும் வரிசையாக மனசில் கொண்டுவந்தார். குண்டுகள் எல்லாம் மையத்திலேயே போய் விழுந்தன. பயிற்சியாளர் தோளில் தட்டிப் போட்டிக்கு வரச் சொன்னார். வீங்கிய தோளிலேயே தட்டினார்.

ஒருவழியாக உரிமம் வந்தது. புதுக் கண்ணாடி போட்ட முகம் அதில் அவரையே முறைத்தது. அலுவலக அம்மாள் வாழ்த்துச் சொல்லி, புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள் என்றார். இன்று மத்தியானத்துக்குமேல் இதற்கு வேலையே இல்லை என்று கண்ணாடிக்காரர் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்தார். இந்த முறை சந்துகளில் ஒளியவில்லை. பேருந்தில் ஏறினார். சட்டப்படி உரிமையாளர். பேருந்தில் இருந்தவர்கள் அவருக்கு ஒரு முழு வரிசையையே விட்டுக் கொடுத்தார்கள்.

எழுத்தர் அவரை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வந்தார். சொன்ன வாக்கு மாறாமல் கையை நீட்டியே வாங்கிக்கொண்டார். கண்ணாடிக்காரர் உரிமத்தை எடுத்து நீட்டினார். கழகச் சான்றிதழ், கண் சான்றிதழ், மனநலச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். எழுத்தர் அவற்றைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஓரமாக ஒதுக்கிவிட்டு, ஓர் இடத்தில் கையெழுத்து வாங்கினார். ஒரு காவலர் துப்பாக்கியைக் கொண்டுபோய்ப் பின்னால் இருந்த அறைக்குள் வைத்தார். இரும்புக் கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டது. முதல்முறையாக ஒரு பெரிய சத்தத்துக்குக் கண்ணாடிக்காரரின் தோள் குலுங்கவில்லை.

அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டார். சாயங்காலமே வந்துவிடுகிறேன் என்றாள். மகள் பின்னாலிருந்து ஏதோ கத்துவது கேட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் பாரா நின்ற காவலர் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல வேளை, இன்னைக்கு வந்தீங்க சார். அந்த ரூம் சாவி பல மாசத்துக்கு முன்னாடியே தொலைஞ்சு போய், நேத்துதான் பூட்டை உடைச்சுப் புதுசு போட்டாங்க. அதுவரைக்கும் துப்பாக்கியோட யார் வந்தாலும், 'லைசென்ஸ் எடுத்துட்டு வாங்க'ன்னு சொல்லி அனுப்பிக்கிட்டு இருந்தோம். மத்தபடி, திருப்பிக் கொடுக்கிறதுக்கு எதுக்கு சார் லைசென்ஸ்?"