மோட்டார் யோசிக்குதுங்களா? பார்க்க, இண்டெக்ஸ்

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத மனிதர் கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே ஒருவர்தான். டீத்தூள் எங்கே என்று கேட்டால், "டீத்தூளுங்களா? பார்க்க, பிஸ்கட் டப்பா" என்பார். போய்ப் பார்த்தால் டப்பாவுக்குப் பின்னால்தான் இருக்கும். ஆபீஸில் அவருக்குப் 'பார்க்க' அண்ணன் என்றே பெயர்.

பம்ப்செட் மோட்டார்களைக் கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டுவதற்கான சாஃப்ட்வேர் லைப்ரரி ஒன்றை, அதாவது தயார் புரோகிராம்களின் தொகுப்பை, எங்கள் கம்பெனி விற்றுவந்தது. பம்ப் கம்பெனிகளின் புரோகிராமர்கள் அதை எடுத்துப் பயன்படுத்துவார்கள். அதற்குக் கையேடு எழுதுவது அண்ணன் வேலை. கையேட்டில் தேடிச் சலித்துப் போன் போடுகிறவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. எது எந்தப் பக்கம் என்று எனக்கு மட்டும்தான் மனப்பாடம். அந்தப் பெருமையெல்லாம் நான் கர்ப்பமாகி ஏழாம் மாதம் வரைக்கும்தான். பிரசவ லீவிலும் போனை எடுத்துப் பேசிவிடச் சொல்லி மேனேஜர் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதைப் பார்த்த அண்ணன் நாற்காலியை என் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு போன் முடிந்ததும் ஒரே கேள்வி. "அம்மணி, அவரு மொதல்ல என்னன்னு சொன்னாருங்க?"

நம் ஊர்க்காரர்களைப் பற்றித்தான் தெரியுமே. அடுத்தவர் செய்த பொருள் வேலை செய்யவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல மனசு வராது. சூலூர்க்காரர் ஒருவர், சாப்பிட்டாச்சா, உடம்பு தேவலையா என்றெல்லாம் விசாரித்து முடித்து, "ஒண்ணுமில்லீங்க, மோட்டாரு கொஞ்சம் யோசிக்குதுங்க" என்றார். கட்டளை அனுப்பியும் மோட்டாரிலிருந்து பதிலே வரவில்லை என்று அர்த்தம்.

அண்ணனுக்கு அன்று தீபாவளிதான். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஓர் இண்டெக்ஸ் முளைத்தது. 'யோசிக்குது' என்ற சொல்லுக்கு எதிரே சரியான பக்கம் இருந்தது. 'முரண்டு பிடிக்குது', 'சொன்ன பேச்சு கேக்கறதில்ல' எல்லாம் பின்னாலேயே வந்து உட்கார்ந்தன.

கம்ப்யூட்டரில் தேடும் பெட்டி இருக்கும்போது இது எதற்கு என்றார் மேனேஜர்.

"பேரு தெரிஞ்சாத்தானுங்க பெட்டியில போட முடியும்? பேரு தெரியாமத்தானுங்க இந்தப் புள்ளையக் கூப்பிடறாங்க" என்றார் அண்ணன்.

இது என்ன கூத்து என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் இண்டெக்ஸில் ஒரு வரி கூடியிருந்தது. 'இது என்ன கூத்து: பார்க்க, முன்னுரை.' மேனேஜர் சிரித்துத் தொலைத்துவிட்டார். சிரித்த பிறகு எப்படி நீக்கச் சொல்வது?

நான் காரமடைக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். எல்லா வாடிக்கையாளரிடமும் என் சொந்த நம்பர் இருந்ததால் பயம் மட்டும் போகவில்லை. பாப்பா பிறந்தாள். ஆபீஸ் விஷயமாக ஒரு போன்கூட வரவில்லை. நிம்மதிதான், ஆனாலும் அதற்குள் என்னை மறந்துவிட்டார்களா என்று கொஞ்சம் ரோஷமும் வந்தது. லேப்டாப்பைத் திறந்து புதிய கையேட்டைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், 'க' வரிசையில் என் பெயர் இருந்தது.

'கவிதாவைக் கேக்கலாமா: வேண்டாமுங்க, பாப்பா தூங்குது. இங்கயே தேடுனா கிடைக்குமுங்க.'

பாப்பா அப்போது என் மடியில் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கூடப்பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று இப்போது என்னைக் கேட்டால் நானும் நேராகப் பதில் சொல்வதில்லை. "அண்ணனுங்களா? பார்க்க, கையேடு, கடைசிப் பக்கம்" என்கிறேன்.