கல்லில் இருந்த வறட்சியும் நான் வரைந்த நீர்த்தேக்கமும்

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மை வரவில்லை. வேறு பேனாவில் உண்மையை எழுதுகிறேன்.

உங்கள் தங்கை குகை குகையாகப் புகுந்து ஆராய்ச்சி செய்வதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. சேற்றுக் காலணியோடு கூடத்துக்குள் வந்தாலும் வாய் திறந்ததில்லை. போன மாதம், குகைத் தரையில் சொட்டுச் சொட்டாகச் சுண்ணாம்பு படிந்து வளர்ந்த கல்லொன்றைக் கொண்டுவந்து, நெடுக்காக அறுத்து, அடுக்கடுக்காகச் சுரண்டி, அந்தப் பொடியைச் சோதித்தாள். மழைநீரின் ஆக்சிஜனில் கனமானது, இலேசானது என்று இருவகை உண்டாம். மழை குறைந்த காலத்து அடுக்கில் கனமானது கூடியிருக்குமாம். இருந்துவிட்டுப் போகட்டும் என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ஏங்க, முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்க இருபது வருஷம் சேர்ந்தாப்ல மழையே சரியா பெய்யலை" என்றாள். எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அடுத்த மாதம் இந்த ஊருக்குக் கட்டத் தொடங்கும் நீர்த்தேக்கத்தை வரைந்தது யார்? நான்தான். நாற்பது ஆண்டு மழைக்கணக்கைப் பார்த்து, வறட்சி வந்தால் மிஞ்சிப்போனால் மூன்று ஆண்டு என்று நம்பி வரைந்தேன்.

"அதுக்கு மேல காஞ்சா?"

"காயாது."

"காஞ்சிருக்கே. கல்லு சொல்லுதே."

"கல்லுக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்கு முன்னாடியே அது இங்க இருந்துதுங்க."

அவள் இதை அறிக்கையாக எழுதுவது எப்படியோ காதுக்கு எட்டி, மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டு, "உங்க வீட்டம்மாவை வேற கல்லா பாக்கச் சொல்லுங்க, நல்லா மழை பெஞ்ச கல்லா" என்றார். நானும் புத்திகெட்டுப்போய் வீட்டில் வந்து அப்படியே சொன்னேன். அன்றோடு வீட்டில் பேச்சு பொய்த்துவிட்டது மச்சான். அவள் கூடத்தில் கல்லோடு, நான் அறையில் வரைபடத்தோடு. கண்ணை மூடினால் வெடித்த தரையில் ஜனங்கள் குடத்தோடு நிற்கிறார்கள். யாரும் திட்டுவதில்லை, என்னையே பார்க்கிறார்கள். நீர்த்தேக்கத்துக்கு ஒப்புதல் தர வரும் வாரம் கூடும் கூட்டத்தில் அவள் அறிக்கையைப் படித்தால் என் உத்தியோகம் நீர்த்தேக்கத்துக்கு முன்பே வற்றிவிடும். அண்ணன் சொல்லைத் தட்டமாட்டாள். உடனே வந்து நாலு வார்த்தை சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும். உங்கள் வீட்டுக் கிணறாவது ஊறிக்கொண்டே இருக்கட்டும்.

பி.கு.: தாங்கள் வர வேண்டாம். உறையை ஒட்டுமுன் அவளுடைய மழையை என் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஐந்தாம் ஆண்டில் நீர்த்தேக்கத்தில் சேறு. ஆறாம் ஆண்டில் அதுவும் இல்லை. அறிக்கையில் அவள் பெயருக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பார்த்துவிட்டு, "கோணலா இருக்கு, ஒழுங்கா போடுங்க" என்றாள். பேசிவிட்டாள் மச்சான்! எங்கள் இருவருக்கும் உங்கள் மாடியறையை மட்டும் காலி செய்து வையுங்கள்.