ருஃபினோவுக்கு ஒரு வேலை

"போன வாரம் வேலை தேடினீங்களா?"

"நான் தேடினேங்க. அதுதான் என்னைத் தேடல."

இரண்டு வருடத்துக்கு முந்தைய பேச்சு. கேட்டவள் டெல்ஃபினா, வீட்டு வருமானமும் வேலையின்மையும் கணக்கெடுக்கப் பரானா நகரத் தெருக்களில் சைக்கிளில் அலைபவள். சொன்னவர் அன்செல்மோ, டிராக்டர் ஆலை மூடியதில் வேலையை இழந்தவர், அதற்கு முன்பே மனைவியை இழந்தவர். அவள் படிவத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மொத்தம் எட்டு முறை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒற்றை ஆள் வீடு. கேள்விகள் பத்தே நிமிடத்தில் தீர்ந்துவிட்டன. பத்து நிமிடத்துக்காக மூன்று மாதம் காத்திருப்பதா? அடுத்த முறை அன்செல்மோ துணிந்தார்.

"மச்சான் ருஃபினோ வந்து தங்கியிருக்கான். அவனுக்கும் வேலையில்ல."

ஆளுக்கொரு தாள். இருபது நிமிடம்!

ஆனால் அந்த வாரமே, ஊரில் வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை கூடிவிட்டது என்று வானொலி அலறியது. எல்லாம் தன் பொய்யால்தான் என்று அன்செல்மோ பதறினார். மறுமுறை ருஃபினோவுக்குத் துறைமுகத்தில் வேலை போட்டுக் கொடுத்தார். அதற்கடுத்த முறை, முன்பு சொன்ன சம்பளம் மறந்துபோய் வாய்க்கு வந்த தொகையைச் சொன்னார்.

"மூணு மாசத்துல மூணு மடங்கா? நம்ம ஊர் விலைவாசிகூட இப்படி ஏறலியே!"

"அதான்... கட்டுப்படியாகலன்னு நேத்து தூக்கிட்டாங்க."

வேலை போனவனைத் தேற்ற அவன் மனைவி ரமோனா வந்தாள். பின்னாலேயே இரட்டைப் பிள்ளைகள், அப்புறம் மாமியார். ஏழாவது வருகையின்போது இரண்டு அறை வீட்டில் ஆறு பேர்.

"ஆறு பேரும் எங்க தூங்குறீங்க?"

"முறை வச்சுத்தான்."

"பல் தேய்க்க ஒரே பிரஷ்தான் தெரியுது?"

"அதுவும் முறை வச்சுத்தான்."

டெல்ஃபினா சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

எட்டாவது வருகைக்கு அன்செல்மோ இஸ்திரி போட்ட சட்டையில் காத்திருந்தார். ஆறு தாள்களும் நிரம்பின. அவள் பேனாவை மெதுவாக மூடினாள், பையை அதைவிட மெதுவாக மூடினாள்.

"அப்ப... இதோட முடிஞ்சுதுங்க."

"நில்லுங்க. ருஃபினோன்னு யாருமே இல்ல. மாமியாரும் இல்ல. நீங்க இன்னும் கொஞ்ச நேரம் உக்காரணும்னுதான் இத்தனை பேரைக் குடிவச்சேன்." அன்செல்மோ நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "இந்த வீட்ல இருக்கறது ஒரே ஆள். ரெண்டாவது ஆளா நீங்க வந்துடுங்களேன், டெல்ஃபினா."

அவள் முகம் சிவக்க வாய் திறந்தபோது, வெளியே நின்ற சைக்கிளைப் பார்த்துவிட்டு அவளுடைய மேற்பார்வையாளர் பொர்தோன் வாசலில் தலையை நீட்டினார்.

"இங்க என்னம்மா பண்றே? ஒரு வீட்டுக்கு நாலே தடவைதானே போகணும்? இந்த வீட்டைப் போன வருஷமே பட்டியல்லேர்ந்து எடுத்தாச்சே!"