அப்புறம் சாரும் பழனியில் நிற்கிறவரும்

கொல்லிமலைக்கு ஏறும் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே மண்டைக்குள் வைத்திருந்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் 'அப்புறம் சார்'. இதை மறுப்பவர்கள் அவரோடு ஒரு வாரம் வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

செம்மேட்டில் உரக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். மிளகு விவசாயிகளுக்காக ஒரு ஆப் செய்துகொண்டிருந்தோம். வீட்டில் மிளகு காய்ந்து தயார் என்று பதிந்துவிட்டால், விவசாயிகள் சங்கத்து ஜீப் அந்த ஊருக்கே வந்து மூட்டையை ஏற்றிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். வந்த புதிதில் நான் ஆர்வமாகக் கேட்டேன்.

"சார், பட்டனை எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

"பட்டனெல்லாம் அப்புறமுங்க. ஆளு என்ன செய்யோணும்? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"போனுக்கா சார், டிவிக்கா?"

"அதுவும் அப்புறம்."

பெயர் வந்த கதை இதுதான். பெங்களூரில் பெரிய வேலையை விட்டுவிட்டு, அம்மா முள்ளுக்குறிச்சியில் இருக்கிறார் என்று மலையடிவாரத்துக்கே திரும்பி வந்தவர். செய்ய வேண்டிய வேலையை ஒரே ஒரு முறை 'மாடலாக' எழுத வேண்டும், அதிலிருந்து போன், டேப்லெட், டிவி, பழைய பட்டன் போன் எல்லாவற்றுக்கும் ஏற்றபடி கம்ப்யூட்டரே திரையையோ குரலையோ வடித்துத் தர வேண்டும் என்பது அவர் கொள்கை. கொள்கை என்றால் வெறி. ஒருமுறை போன் திரையில் ஒரு கட்டத்தை நான் லேசாக நகர்த்தினேன். பச்சைக் குழந்தையைக் கிள்ளிவிட்டதுபோல் பதறிப்போனார்.

"கையால தொடாதீங்க சாமி! மாடல்ல மாத்துங்க, எல்லாத்துலயும் தானா மாறிக்கும்!"

மாறத்தான் செய்தது. சங்கத்துக் கொட்டகை டிவியில் 'உறுதி செய்க' என்ற சொல் பஸ் ஸ்டாண்டிலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக வந்து, எந்தக் கட்சி விளம்பரம் என்று ஊரே விசாரித்தது. யாரோ ஒருவர் கையில் கட்டிக்கொண்டு வந்த ஸ்மார்ட் வாட்ச்சில் 'மிளகு' வரிக்கு ஓர் எழுத்தாக இறங்கியது. "பாருங்க, அதுவாவே எறங்குது!" என்று மனிதர் புளகாங்கிதம் அடைந்தார்.

டீக்கடையிலும் இதே கூத்துதான். "சூடா குடிக்க ஒண்ணு குடுங்க. என்னதுங்கிறது அப்புறம்" என்பார். கடைக்காரர் ஒருநாள் கடுப்பாகி வெறும் வெந்நீரை ஆற்றிக் கொடுத்தார். "மாடலுக்குச் சரியாத்தான் இருக்குது" என்று ரசித்துக் குடித்துவிட்டு வந்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழே உரக்கடைக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார்.

சிரிப்பெல்லாம் பார்வையாளர்கள் வரும்வரைதான். எங்களுக்கு நிதி தரும் நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் திருப்தியானால் ஆபீஸ் நீடிக்கும், ஜீப் ஓடும், அப்புறம் சார் அம்மாவோடு இருக்கலாம். இல்லாவிட்டால் எல்லாம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கொட்டகையில் போன் ஜோராக வேலை செய்தது. டேப்லெட், டிவி, எல்லாம் ஜோர். கடைசியாகப் பட்டன் போன். மலையில் பாதிப் பெண்கள் கையில் அதுதான் இருக்கிறது. அதில் ஆப்புக்கு ஏற்ற திரை கிடையாது, குரல்தான். மலைக் கிராமமான அரியூர் நாட்டிலிருந்து வந்திருந்த சின்னப்பொண்ணு அக்கா நம்பரைப் போட்டார். ஸ்பீக்கரில் குரல் கேட்டது.

"உங்க ஊட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க."

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "ஏனுங்க, அவரு பேரை நானெப்படிங்க சொல்றது?"

"மன்னிக்கவும். அந்தப் பெயர் பதிவில் இல்லை."

"எங்க பெரியவனோட அப்பனுங்க."

"மன்னிக்கவும்."

"பழனியில மலை மேல கோவணத்தோட நிக்கிறாரல்லோ, அவரு பேருதானுங்க!"

"மன்னிக்கவும். அந்தப் பெயர் பதிவில் இல்லை."

மற்ற கருவிகளில் பெண்கள் பட்டியலில் இருந்த புருஷன் பெயரை விரலால் தொட்டார்கள், யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. விரல் தொடலாம், வாய் சொல்லக் கூடாது. ஆபீஸில் குரலைச் சோதித்ததெல்லாம் ஆண்கள், ஊட்டுக்காரர் என்று அவரவர் பெயரையே முழங்கினோம். அப்புறம் சாரின் அம்மாவே இந்த வயதுவரை புருஷன் பெயரை உச்சரித்தவரில்லை. அவருக்குமா தோன்றாமல் போக வேண்டும்!

"சார், குரல்ல மட்டும் அந்தக் கேள்விய கையால தூக்கிடலாம். அஞ்சு நிமிஷ வேலை" என்று நான் காதோடு சொன்னேன்.

"ஒரு எடத்துல கையை வெச்சா எல்லா எடத்துலயும் வெக்கோணும். கேள்வியே தப்புங்க. எந்த ஊடுன்னு தெரிஞ்சாப் போதும், பேரு எதுக்கு? மாடலைத்தான் மாத்தோணும்."

லேப்டாப்போடு மூலையில் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் வெளியே இறங்கும் மேகத்தைப் பார்த்தார்கள், வளைவுகளை நினைத்துக்கொண்டார்கள், கிளம்பிவிட்டார்கள். அவர்கள் கார் கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் கழித்து நான்கு கருவிகளும் ஒன்றாக மாறின. அக்கா மறுபடி நம்பரைப் போட்டார்.

"உங்க ஊட்டுக்கு அடையாளம் சொல்லுங்க."

"ரெட்டைப் பலா மரத்து ஊடுங்க."

"சரிங்க. மூட்டை ஏத்த வண்டி வரும்."

அப்புறம் சார் கொட்டகையில் தனியாகக் கை தட்டினார். பார்க்க வேண்டியவர்கள் அதற்குள் அடிவாரத்தை எட்டியிருப்பார்கள்.

நிதி நின்றது. ஆபீஸ் மூடினோம். அவர் பெங்களூருக்கே போய்விட்டார். யாரோ பணக்காரர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவுக்குத் திரை செய்கிறாராம். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறவே மாட்டேனென்கிறது.

சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோது சின்னப்பொண்ணு அக்கா வந்தார்.

"வண்டி வரலீங்களே? அந்தச் சாமி எங்கீங்க?"

சொன்னேன். அவர் வேலை போன காரணத்தையும் சொன்னேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் பேரைச் சொல்லாததுனாலயா? அட கடவுளே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." ரோட்டில் யாரும் இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, சத்தமாகச் சொன்னார்.

"பழனிச்சாமி!"

முகம் சிவந்து, கண் கலங்கி, என்னைப் பார்த்து, "போதுங்களா? இனி அவரைக் கூப்புடுவாங்களா?" என்று கேட்டார்.

அது போதாதுதான். ஆனால் எனக்கும் அந்த மனுஷர் திரும்பி வர வேண்டும்போல்தான் இருந்தது.