இரண்டாவது சாட்சி சகாயராணி

அமிர்தநாதன் ஒரு முடிவு எடுத்தால் மனைவியிடம் சொல்லமாட்டார். சொன்னால் அது முடிவாக இருக்காது. கல்யாணம் ஆன நாளிலிருந்து கண்ட அனுபவம்.

இந்தத் தடவை எடுத்தது பெரிய முடிவு. தாராவியில் அவருடைய அப்பா சவரிமுத்துவின் பேரில் ஒரு ரூம், அதாவது அவர் கட்டிய ஒற்றை அறை வீடு, இருந்தது. அப்பா காலத்துக்குப் பிறகு அது தனக்கு மட்டும் வரவேண்டும். வந்ததும் விற்கவேண்டும். விற்ற பணத்தைக் கடலோர உரணில் நண்பன் சாஜன் வெட்டப்போகும் இறால் குளத்தில் போடவேண்டும். குளம் இன்னும் வெட்டவில்லை. ஆனால் இறால் எந்தெந்த நாட்டுக்குக் கப்பலேறும் என்பதுவரை சாஜன் சொல்லிவிட்டான்.

அமிர்தநாதனுக்குத் தொழில் புதிதல்ல. செம்பூர் பிளாட்டின் பால்கனியில் தேனீ வளர்த்தவர் அவர். தேன் ஒரு ஸ்பூன் கிடைத்தது. குடியிருப்பு சொசைட்டி செகரட்டரி சுந்தரராமனின் மூக்குத்தான் ஒரு வாரம் பப்பாளி மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் காளான். பெட்டியைத் தவிர வீட்டில் மற்ற எல்லா இடத்திலும் அது முளைத்தது. இரண்டு தடவையும் குடும்பத்தைக் கரையேற்றியது பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருக்கும் மனைவி சகாயராணிதான். அதற்காக அவள் அவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கே தோன்றும்.

முடிவுக்கு வித்திட்டது கோயில். ஞாயிறு பூசை முடிந்ததும் கிறிஸ்தவர்களின் சொத்துரிமை பற்றிப் பேச ஒரு வக்கீலம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். உயில் எழுதாமல் அப்பா போய்விட்டால் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி என்றார் அந்த அம்மா. அமிர்தநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். ஜெனி, நெருளில் நர்ஸ். உயில் எழுதினால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றார் அடுத்தபடியாக. அமிர்தநாதனுக்கு அது போதும். வடா பாவ் சாப்பிட எழுந்து போய்விட்டார். சகாயராணி கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஆரம்பித்தாள்.

“ஏங்க, உயிலுக்குச் சாட்சி போடுதவங்களப் பத்தி ஒண்ணு சொன்னாவ...”

“தெரியும் தெரியும். ரெண்டு பேரு வேணும்.”

“அது இல்லங்க. அந்த ரெண்டு பேரும்...”

“ஏட்டி, எனக்கே சட்டம் சொல்லித் தாரியா? ரோட்டப் பாத்து நட.”

அவள் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

அப்பாவிடம் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. “எழுதிக் கொண்டா, பாப்போம்” என்றார். அமிர்தநாதன் எழுதிக் கொண்டு போனார். ரூம் முழுக்க மகன் அமிர்தநாதனுக்கு என்று ஒரே ஒரு விஷயம். பக்கத்து ரூம் கலீலுல்லா பாய் ஒரு சாட்சி. இன்னொருவராகக் கோயில்காரர் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அடுத்த பூசைக்குள் ஜெனி காதுக்குப் போய்விடும். அதனால் ஆபீஸ் நண்பர் மாட்டுங்கா கிட்டுவைக் கையோடு அழைத்து வந்திருந்தார். சகாயராணி மாமனாருக்குச் சோற்றுத்தூக்குடன் வந்திருந்தாள்.

சவரிமுத்து கிட்டுவை ஏற இறங்கப் பார்த்தார்.

“இவரு யாருல?”

“என் பிரண்டுப்பா. சாட்சிக்கு வந்திருக்காரு.”

“நல்ல மனுசனாத் தெரியுதாரு. டீ குடு. சாட்சிக்கு என் மருமவ போடட்டும்.”

“அவ எதுக்குப்பா?”

“எனக்குக் கஞ்சி ஊத்துதவ அவதான. அவ கையெழுத்துப் போட்டா நானும் போடுதேன். இல்லன்னா பேனாவ மூடு.”

அமிர்தநாதன் கிட்டுவைப் பார்த்தார்.

“பேஷாப் போடட்டுமே!” என்றார் கிட்டு. “எங்கப்பா உயில்லயும் என் ஆத்துக்காரி சுப்புலக்ஷ்மிதான் சாட்சி. வீடு என் பேருக்கு வந்து வெள்ளையும் அடிச்சாச்சு. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை.”

அமிர்தநாதனுக்குத் தெம்பு வந்தது. “ராணி, வந்து போடு.”

“எனக்கு எதுக்குங்க இதெல்லாம்? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையச் சொல்லுவிய.”

“சொல்லமாட்டேன். போடு.”

“நீங்க சொல்லித்தான் போடுதேன். கிட்டு அண்ணே, நீங்க இதுக்குச் சாட்சி.”

சவரிமுத்து கையெழுத்துப் போட்டார். கலீலுல்லா பாய் போட்டார். சகாயராணி நிதானமாகத் தன் பேரை எழுதி, அதற்குக் கீழே ‘அமிர்தநாதன் மனைவி’ என்றும் எழுதினாள். அதைப் பார்த்து அமிர்தநாதனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இவளையா இத்தனை நாள் தப்பாக நினைத்தோம் என்று அன்றைக்கு அவளுக்கு மல்லிகைப்பூகூட வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மழைக்காலத்தில் சவரிமுத்து தூக்கத்திலேயே போய்விட்டார். அமிர்தநாதன் உண்மையாகவே அழுதார். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஜெனி அழுதபோது அவரால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. உயில் நினைவு உறுத்தியது. இறால் வளர்ந்ததும் தங்கைக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் கொஞ்சம் நிம்மதியாக அழுதார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்தது. மாஹிமில் வக்கீல் வேங்கடசுப்ரமணியன் முன்னால் போய் உயிலை விரித்தார்.

வக்கீல் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “இந்த ரெண்டாவது சாட்சி யாரு? உங்க மனைவியா?”

“ஆமா சார்! அவளே எழுதிருக்கா பாருங்க.” அமிர்தநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை.

“அப்போ ரூம் உங்களுக்குக் கிடையாதே. சாட்சி போட்டவருக்கோ, அவரோட புருஷன் பொண்டாட்டிக்கோ உயில்ல எதாவது எழுதியிருந்தா அது செல்லாது.”

“சார், என் பிரண்டு கிட்டு வீட்டுல அவன் பொண்டாட்டிதான் போட்டா!”

“கிட்டுன்னா இந்துவாத்தான் இருப்பார். அந்தப் பிரிவு அவங்களுக்குக் கிடையாது. உங்களுக்கு உண்டு. உயில் செல்லும். உங்களுக்குன்னு எழுதினது மட்டும் செல்லாது.”

“அதைத் தவிர அதுல வேற ஒண்ணுமே இல்லையே சார்?”

“அதைத்தான் நானும் சொல்றேன். அம்மாவும் இல்லைங்கறீங்க. உயில் எழுதாத மாதிரிதான். உங்களுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி.”

அமிர்தநாதன் வீட்டுக்கு வந்தபோது சகாயராணி குழம்புக்கு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“நீ சாட்சி போட்டா எனக்குச் செல்லாதுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன்டி சொல்லல?”

“ரோட்டுல சொல்ல வந்தேன். சட்டம் சொல்லித் தாரியான்னிய.”

“போடும்போது சொல்லியிருக்கலாம்லா?”

“எனக்கு எதுக்குன்னு கேட்டேன். போடுன்னிய. கிட்டு அண்ணன் சாட்சி.”

“எங்கப்பாவ ஏமாத்திட்டியே, பாவி!”

அவள் கை நின்றது. “நீங்க உயில் கேட்டத மாமாவே எங்கிட்டச் சொன்னாவ. நானும் சட்டத்த அன்னைக்கே அவங்ககிட்டச் சொல்லிட்டேன். ‘அவன் கேட்டா இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது பிள்ள, ஜெனிய விடவும் மனசு வராது, நீயே ஒரு வழி பண்ணு’ன்னு அழுதாவ. பண்ணுனேன். மாசாமாசம் அவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனவ ஜெனி. அந்த வீட்ட எறாலுக்கு எரை போடுததுக்கா கட்டுனாங்க?”

அப்பாவுமா கூட்டு! அமிர்தநாதன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஆனாலும் தொழிலதிபர் அல்லவா? மூளை சும்மா இருக்கவில்லை. அண்ணனும் தங்கையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ரூமை விற்கலாமே? பாதி கிடைத்தாலும் பாதிக் குளம் வெட்டலாமே? போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மனைவியும் கேட்கட்டும்.

“ஜெனி, அப்பா ரூம வித்துருவோம். உனக்குப் பாதி, எனக்குப் பாதி. நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“அதுக்கென்ன அண்ணே, போட்டாப் போச்சு.”

அமிர்தநாதன் வெற்றியோடு சமையல்கட்டைப் பார்த்தார்.

“ஆனா, அப்பா மாதிரிதான் நானும்” என்றாள் ஜெனி. “மைனி முதல்ல போடட்டும். அவிய போட்டா நானும் போடுதேன்.”

போனை வைத்துவிட்டு அமிர்தநாதன் மெல்ல எழுந்து போனார். இருக்கிற அன்பையெல்லாம் குரலில் திரட்டி, “ராணி...” என்றார்.

சகாயராணி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள்.

“ஒரு வீட்டுக்கு நான் ஒரு தடவதாங்க கையெழுத்துப் போடுவேன்.”