மலை தெரியாத ஜன்னல்

திருவண்ணாமலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரியும். பஸ் ஸ்டாண்டில் நின்றால் தெரியும். பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி சாய்ந்தால்கூடத் தெரியும். தெரியாத இடம் ஒன்றே ஒன்று. செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில், கோதண்டராமன் வீட்டு முன்னறையின் மேற்கு ஜன்னல். அந்த ஜன்னலில்தான் அவர் மனைவி நந்தினி ஒரு வாரமாக நின்றாள்.

"என்னா பாக்குற?"

"மலையத்தாங்க."

கோதண்டராமன் ஜன்னலை ஒரு தடவை, அவளை ஒரு தடவை பார்த்தார். அவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். இருபது வருஷமாக ஊரைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்குகிறவர். மூன்றரை மணிக்கு வீடு வந்ததும் யூனிஃபார்மைக் கழற்றுவார், சந்தேகத்தைக் கழற்ற மாட்டார்.

ஆண் வாசலில் நின்றால் காற்று வாங்குகிறான். பெண் ஜன்னலில் நின்றால் மட்டும் விசாரணைக் கமிஷன். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டுப் பாருங்கள், எல்லா ஊர் நியாயமும் இதுதான் என்பார்கள். அதுவாவது போகட்டும். காளான் விஷயத்தில் அவர் செய்தது என்ன நியாயம்?

ஆறு மாதம் முன்பு நந்தினி, பிறந்த ஊரான கீழ்பென்னாத்தூருக்குப் போய், காளான் வளர்ப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு திரும்பினாள். முன்னறையில் வளர்க்கிறேன், ஜன்னலுக்குத் திரை மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்றாள். முன்னறை, அவருடைய கட்டில் கிடக்கும் ராஜ்ஜியம். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் முன்னாலேயே கோதண்டராமன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வெயில் கொளுத்துற ரூம்ல காளானா! இந்த வீட்ல எந்த ரூம் கும்மிருட்டா இருக்குதோ, அதுல வளத்துக்க. நானே கட்டில எடுத்துக்கினு போயிடறேன்."

அதன் பிறகு நந்தினி காளான் பேச்சையே எடுக்கவில்லை. அன்றைக்கே பரிசோதகர் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமோ?

ஜன்னலுக்கு எதிரே ஒரு காபிக் கடை. கொண்டை போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் தினமும் நாலு மணிக்கு வந்து, ஒரே ஒரு இஞ்சி டீயை ஒன்றரை மணி நேரம் குடிப்பார். ஃப்ரிட்ஜ் மேல் நந்தினி வைத்துவிட்டுப் போன நோட்டைக் கோதண்டராமன் புரட்டினார். திங்கள் 4.05 – 5.40. செவ்வாய் 4.05 – 5.41. வெள்ளைக்காரரின் வருகைப் பதிவேடேதான்!

"இன்னாது இது, டைம் டைமா?"

"சும்மாங்க."

"சும்மா யாராவது நிமிஷம் போட்டு எழுதுவாங்களா?"

"நீங்க பஸ்ஸுக்கு எழுதறீங்களே."

மறுநாளே அவர் கூப்பிட்டு, ஜன்னலுக்கு பிளைண்ட்ஸ் என்ற மறைப்புத் திரை மாட்டும் சரவணகுமார் சாம்பிள் புத்தகத்தோடு வந்துவிட்டான்.

"சார், பட்டை பட்டையா ஒண்ணு இருக்குது. வேணும்போது திருப்பிக்கலாம்."

"நடுவுல விரல் போவுமா?"

"போவும் சார்."

"வேணாம்."

"இது பாருங்க, லேசா வெளிய தெரியும்."

"யாருக்குத் தெரியும்?"

"உள்ள இருக்கறவங்களுக்குத்தான் சார்."

"வேணவே வேணாம்! ஊசி முனை வெளிச்சம் வரக்கூடாது."

சரவணகுமார் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "அப்ப பிளாக்-அவுட் ரோலர்தான். பட்டப்பகல்ல லைட் போடணும், பரவாயில்லியா?"

நந்தினி காபியோடு வந்தாள். "ஐயோ வேணாங்க, இருட்டு ஜாஸ்தியா பூடும். ஓரத்துலயாவது கொஞ்சம் வெளிச்சம் வுட்டா..."

"ஓரத்துலயா! தம்பி, ரெண்டு ஓரத்துலயும் சட்டம் அடி!"

அடித்தார்கள். ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்ததும் ஏணியைப் பிடித்ததும் கோதண்டராமனே. பிளைண்டை இறக்கியதும் கட்டில் காலில் கால் விரலை இடித்துக்கொண்டு, அந்த வலியிலும் வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். நந்தினி கோபப்படவில்லை. முனகக்கூட இல்லை. அடுப்படியில் அவள் பாடுவது கேட்டது. அது ஒன்றுதான் அவருக்கு உறுத்தியது.

மறுநாள் மூன்றரைக்கு வந்தால், கட்டில் குளியலறைப் பக்கம் நடைவழியில் கிடந்தது. முன்னறையில் கயிறு கயிறாக, வேகவைத்த வைக்கோல் அடைத்த பாலிதீன் பைகள் தொங்கின.

"என்னாடி இது!"

"காளான் படுக்கைங்க. காலைல எங்கண்ணன் வேன்ல வைக்கோல் கொண்டாந்துச்சு. இருபது நாள் இருட்டுலயே இருக்கணும்."

"யாரக் கேட்டு?"

"உங்களத்தான். எந்த ரூம் கும்மிருட்டோ அதுலன்னு சொன்னீங்களே. அக்கா, சொன்னாரா இல்லியா?"

வைக்கோல் ஒட்டிய கையோடு பச்சையம்மாள் எட்டிப் பார்த்தாள். "சொன்னாருப்பா. கட்டில எடுத்துக்கினு போறேன்னும் சொன்னாரு. பாவம், கஷ்டப்படுவாரேன்னு நாங்களே எடுத்துப் போட்டுட்டோம்."

"அப்ப அந்த நோட்டு?"

"வெயில் எப்ப ரூமுக்குள்ள வருது, எப்ப போவுது. பயிற்சியில எழுதச் சொன்னாங்க."

"மலையப் பாக்குறேன்னு சொன்னியே! இங்க ஏது மலை?"

"ஆறு மாசம் முன்னாடி திரை கேட்டேன், உங்க காதுல வுழல. ஒரு வாரம் மலை பாத்தேன்."

கோதண்டராமன் நடைவழிக் கட்டிலில் படுத்தார். தூக்கம் வரவில்லை. நந்தினி சொன்னது எல்லாம் சரி. ஆனால் அந்த வெள்ளைக்காரர்? மணி நாலு ஐந்து. பைகளுக்கு நடுவே பூனை போல நுழைந்தார். பிளைண்டை அடியில் நாலு விரல் உயர்த்திக் கண்ணை வைத்தார். எதிரே கொண்டை, இஞ்சி டீ, ஒரு புத்தகம். அந்த மனிதர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வெளிச்சம் வருது, இறக்குங்க," என்றாள் பின்னால் நந்தினி. "அங்க நின்னுகினு யாரைங்க பாக்குறீங்க?"

யோசித்துப் பார்த்தார். அவருக்குக் கிடைத்ததும் ஒரே பதில்தான்.

"மலைய."